நாற்பத்தொன்றாம் ஆள்

அந்த ஸ்டூடியோவில் அவனுக்கு எமன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. வாராவாரம் வெளிவரும் ஒரு வைக்கிங் மாங்காவில், அதாவது ஜப்பானியப் பாணிச் சித்திரக்கதையில், சாகிறவர்களை வரைவது அவன் வேலை. வடகடல் கொள்ளைக்காரர்கள் நீளக் கப்பலில் வந்து இறங்குவார்கள், கரையோர ஊர்களைக் கொளுத்துவார்கள், கோடாரி வீசுவார்கள். வீசுகிறவன் கதாநாயகன் ஒற்றைக்காதன். விழுகிறவன் எமன் பொறுப்பு.

கதையை எழுதி, பென்சிலில் கோடு போட்டுக் கொடுப்பவர் ஐயா. ஒற்றைக்காதனின் முகத்தை மட்டும் அவரே மையில் வரைவார். அதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. கடல், கப்பல், கூட்டம், பிணம் எல்லாம் எமனுடையவை. வசனக் குமிழிகளில் எழுத்து நிரப்புகிறவனைக் குமிழி என்றே கூப்பிட்டார்கள். மூன்றாவது மாடி, நாலு மேசை, ஒரு பெரிய ஜன்னல், பதினோரு வருடமாகத் தூரிகை கழுவிக் கழுவிக் கறுத்துப்போன ஒரு தொட்டி. அவ்வளவுதான் அந்தச் சாம்ராஜ்யம்.

நீண்ட தொடரில் ஒரு தொல்லை உண்டு. கூட்டத்தில் ஐம்பது முகம் வரைகிற கை களைத்துப்போனால், போன வருடம் செத்தவனையே இந்த வருடம் சந்தையில் நிற்க வைத்துவிடும். அதற்காகத்தான் எமன் ஒரு நோட்டு வைத்திருந்தான். செத்தவர் நோட்டு. ஒவ்வொரு பிணத்துக்கும் ஒரு எண், தபால்தலை அளவில் ஒரு முகம், எந்த அத்தியாயம், எங்கே காயம். முடிந்த பக்கங்கள் எல்லாம் கடைசியாக அவன் மேசைக்கு வரும். நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, பக்கத்தின் பின்னால் 'சரி' என்று ரப்பர் முத்திரை குத்துவான். ஐயாவின் சட்டம் ஒன்றுதான்: அச்சில் செத்தவன் நடந்தால், நடக்க வைத்தவன் வாசலைப் பார்த்து நடக்க வேண்டியதுதான். எமன் காவலுக்கு இருந்த பதினோரு வருடத்தில் ஒரு பிணம்கூட எழுந்து நடந்ததில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு பேரைச் சாகடித்திருக்கிறான். ஒருவன் சாவு போல் இன்னொருவன் சாவு இருக்காது. அத்தனைக்கும் ஐயாவிடமிருந்து கிடைத்த பாராட்டு "ம்." நன்றாக அமைந்த நாளில் "ம்ம்."

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒற்றைக்காதன் திடீரென்று திருந்தித் தொலைத்தான். தலைவன் சொன்னால் வெட்டுவது கடமை என்றிருந்தவன், ஒரு நாள் கோடாரியைக் கடலில் வீசினான். கப்பலைப் பிரித்தான். அந்த மரங்களைச் சுமந்துகொண்டு, தான் கொளுத்திய ஊர் ஊராகப் போய் வீடு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தான். வாசகர்கள் ஓடிவிடுவார்கள் என்று எமன் எதிர்பார்த்தான். உள்ளூர ஆசைப்பட்டான் என்றுகூடச் சொல்லலாம். யாரும் ஓடவில்லை. கதாநாயகன் திருந்தினால் எமனுக்கு ஏது பிழைப்பு? அந்த மூன்று வருடத்தில் நோட்டில் ஏறியது ஐந்தே பேர். நாலு பேர் வயதாகிச் செத்தார்கள். ஒருவன் கூரையிலிருந்து கால் தவறி விழுந்தான்.

வீடு கட்டுகிற கதைக்கு மரம் வரைய ஆள் வேண்டியிருந்தது. வந்தாள் ஒரு பெண். தேர்வுக்கு ஒரு பலகை வரைந்து காட்டச் சொன்னார்கள். காலை முழுவதும் அந்த ஒரே பலகையை வரைந்துகொண்டிருந்தாள். குமிழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஐயா சிரிக்கவில்லை. காகிதத்தில் விரலை வைத்துத் தடவினார்.

"அடேயப்பா! கையில சிராய் ஏறும் போல இருக்கே!"

அன்றிலிருந்து அவள் பெயர் பலகை. எமன் தன் மேசையில் குனிந்தபடி, அந்த வாக்கியத்தில் எத்தனை சொல் என்று எண்ணிப் பார்த்தான். 'ம்' என்ற ஓர் எழுத்தை வைத்துப் பதினோரு வருடம் ஓட்டியவன் வேறென்ன செய்வான்? வயிறு எரிந்தது.

அதன் பிறகு அவன் கண்கொத்திப் பாம்பாக மாறினான். அவள் ஆணியை வரைந்தால், ஆணியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பான். நிழல் சரியாகவே இருக்கும். அதுதான் அவனால் பொறுக்க முடியாதது. ஐயா அவள் பெயரை ஒரு நாளில் எத்தனை தடவை கூப்பிடுகிறார் என்பது அவனுக்குத் தெரியும். அவள் ரப்பரை அலுங்காமல் பாதியாக வெட்டி வைத்துக்கொள்வதுகூட அவனுக்கு ஒரு திமிராகப்பட்டது. அவளோ, "எமண்ணா, இந்த அலை எப்படி வந்துச்சு? ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்" என்று வந்து நிற்பாள். "வேலை இருக்கு" என்பான். ஒரு வேலையும் இருக்காது.

இந்த நிலையில் ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது ஐயா சொன்னார்: "அடுத்த தொகுதியில அட்டைல என் பேருக்குக் கீழ இன்னொரு பேரும் போடலாம்னு இருக்கேன். யாருன்னு இந்த மாசக் கடைசில சொல்றேன்."

எமன் தேநீரைக் கீழே வைத்தான். அட்டையில் பெயர்! அடையாள அட்டையில் கிடந்த பெயர் புத்தக அட்டைக்கு வரப்போகிறது. வேறு யாருக்கு வரும்? அன்று முழுவதும் அவன் குமிழியிடம்கூட அன்பாகப் பேசினான். மறுநாள் காலை வந்து பார்த்தால், பலகையின் மேசை ஜன்னலோரம், ஐயாவின் மேசைக்கு ஒட்டினாற்போல் கிடந்தது.

"மரத்துக்கு வெளிச்சம் வேணும்ல, அதான்" என்றார் ஐயா.

பிணத்துக்கு வெளிச்சம் வேண்டாமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அந்த வாரப் பக்கங்கள் வெள்ளிக்கிழமை காலை அவன் மேசைக்கு வந்தன. ஒற்றைக்காதன் பத்து வருடத்துக்கு முன் கொளுத்திய ஒரு கரைக்குத் திரும்பியிருக்கிறான். பதினோராம் பக்கத்தில் அவன் கூரைமேல் நிற்கிறான். கீழே ஊர்க்காரன் ஒருவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறான். வலப்புருவம் நடுவில் பிளந்திருந்தது. ஒரு கண்ணிமை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. முன்பல்லில் இடைவெளி.

எமனுக்கு நோட்டைப் புரட்ட வேண்டிய தேவையே இல்லை. நாற்பத்தொன்றாம் ஆள். முப்பத்தேழாம் அத்தியாயம். கழுத்தில் கோடாரி. அந்த ஊர்க்காரர்களை வரைவதற்காகப் பலகை பழைய அத்தியாயத்தைப் புரட்டியிருக்கிறாள். பிணக் கூட்டத்திலிருந்து ஒரு முகத்தை எடுத்து உயிரோடு நிறுத்திவிட்டாள்.

அது எமனின் தம்பி முகம்.

பத்து வருடத்துக்கு முன்னால் அம்மா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். மருந்து கொடுப்பது, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் மூத்தவனான எமன்தான். கடமையில் ஒரு குறை வைக்கவில்லை. தம்பிக்குச் சலூன் கடை. வாரத்துக்கு ஒரு நாள் கடையை மூடிவிட்டு சீப்பும் கத்தரியுமாக வருவான். அம்மாவின் முடியைத் திருத்திவிடுவான், ஏதாவது கிண்டல் சொல்லுவான். அம்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்பு மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் இருக்காது. கடைசி நாள் காலையில் மூத்தவன் கரண்டியில் மருந்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அம்மா கண்ணைத் திறந்து, "சின்னவன் வந்தானா?" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

அடுத்த வாரம் முப்பத்தேழாம் அத்தியாயம். கரையில் இருபது பிணம் வேண்டும் என்றார் ஐயா. அதில் ஒன்றுக்குத் தம்பி முகத்தைப் போட்டான் எமன். நோட்டில் எண் போட்டு, கழுத்தில் கோடாரி என்று எழுதினான். அதன் பிறகு தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை. செத்தவனோடு என்ன பேச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இப்போது அந்த முகம் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது.

சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். வெள்ளை மையில் புருவத்தை மூடி, ஒரு தாடி போட்டால் ஆள் மாறிவிடுவான். அதற்குத்தான் அவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். ஜன்னல் பக்கம் பார்த்தான். ஐயா குனிந்து எதையோ சொல்ல, பலகை சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் அச்சில் போனால் அவள் வெளியே. மேசை வெளியே. அட்டையில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம், அது தன்னுடையதாகிவிடும். கேட்டால் கண் அசந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். பதினோரு வருடத்தில் ஒரு தடவை அசந்தால் யாரும் தலையை வாங்கிவிட மாட்டார்கள்.

ரப்பர் முத்திரையை எடுத்தான். குத்தினான். 'சரி' என்ற எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

பத்திரிகை வெளிவந்த நான்காம் நாள் குமிழி ஒரு பை நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து கொட்டினான். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. "முப்பத்தேழுல செத்தவன் எப்படி ஏணி பிடிக்கிறான்?" வாசகர்கள் சும்மா விடுகிற சாதி இல்லை, பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் வெட்டி அருகருகே ஒட்டியே அனுப்பியிருந்தார்கள்.

ஐயா எல்லோரையும் தன் மேசைக்குக் கூப்பிட்டார். பலகையின் முகம் வெளுத்திருந்தது.

"இந்த முகத்தை எங்கேருந்தும்மா எடுத்தே?"

"முப்பத்தேழுலருந்துதான் ஐயா. அந்த ஊர்ல பொழைச்சவங்க யாராவது வேணும்னு தேடினேன். இவர் படுத்திருந்தார். செத்தவர்னு எனக்குத் தோணல. அடிபட்டு மயங்கிக் கிடக்கிறார்னு நினைச்சேன்."

"நோட்டைப் பாத்திருக்கலாமே?"

"எமண்ணா எப்படியும் பாப்பாரேன்னு விட்டுட்டேன் ஐயா. அவர் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது. தப்புன்னா அவரே பிடிச்சிருப்பார். முத்திரை விழுந்ததும் சரியாத்தான் இருக்குன்னு நம்பிட்டேன்."

இதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. யாரோ பெரிய ஆளைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். எமனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அந்த அறையில் அவனை மெச்சிக்கொண்டிருந்த ஒரே ஆளை அல்லவா அவன் வெளியேற்றப் பார்த்தான்!

ஐயா அலமாரியைத் திறந்தார். முப்பத்தேழாம் அத்தியாயத்தின் மூலப் பக்கத்தைத் தேடி எடுத்தார். எமனின் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உருப்பெருக்கியை வைத்துப் படத்தின் மூலையை வெகுநேரம் பார்த்தார்.

"எமா, இங்க வா. நோட்டுல என்ன எழுதியிருக்கே?"

"கழுத்துல கோடாரின்னு."

"எங்கே கோடாரி? எங்கே கழுத்துல காயம்? காட்டு."

எமன் குனிந்து பார்த்தான். பத்து வருடமாக அந்தப் பக்கத்தை அவன் எடுத்ததில்லை. சுற்றிலும் கிடந்த பத்தொன்பது பேருக்கும் காயம் இருந்தது. மண்டை பிளந்திருந்தது, கை தனியே கிடந்தது, மணல் கறுக்கும்படி மையில் ரத்தம். நடுவில் தம்பி ஒருக்களித்துப் படுத்திருந்தான். ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்திருந்தான். சட்டையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கழுத்து முழுசாக, அழகாக இருந்தது. தலைக்குக் கீழே யாரோ ஒரு துணியை மடித்துவேறு வைத்திருந்தார்கள். யாரோ என்ன, வரைந்து வைத்தவனே எமன்தான்.

"நீ இவனைக் கொல்லவே இல்லையேடா" என்றார் ஐயா. "நோட்டுல எழுதிட்டா ஆச்சா? பலகை கண்ணுக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியல, உனக்கும் தெரியல."

குமிழி மெதுவாக, "அப்ப பலகை மேல தப்பு இல்ல. எமன் மேலயும் இல்ல. ஏதோ அசந்துட்டார்" என்று சமாதானம் சொன்னான்.

தப்பித்துக்கொள்ள வழி அகலமாகத் திறந்திருந்தது. ஒரு தலையசைப்பு போதும். அட்டையில் பெயரும் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எமன் தொட்டியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், கடைசியில் பலகையைப் பார்த்தான். அவள் இவனுக்காகப் பயந்துகொண்டு நின்றிருந்தாள்.

"அசரல" என்றான். "பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் முத்திரை குத்தினேன். இவ போகணும்னு குத்தினேன்."

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள்.

"எதுக்கு?" என்றார் ஐயா.

"அவ பலகையை நீங்க தடவிப் பாத்தீங்க. என் பிணத்தை ஒரு நாளும் நீங்க தடவிப் பாக்கல."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று அவனுக்கே உறைத்தது. ஆனால் அதுதான் உண்மை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பலகை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து, அன்று முழுவதும் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் ஐயா தீர்ப்பைச் சொன்னார். "அட்டைல பலகை பேரு. அதுல பேச்சே இல்ல."

"சரி" என்றான் எமன். அவன் தன் நோட்டையும் பேனாவையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"பையை எங்கே தூக்குறே? உனக்கு ஆறு பக்கம் வேலை இருக்கு. பத்து வருஷத்துக்கு முன்னால தான் கொன்னுட்டதா நினைச்சு ஒருத்தனுக்காக மருகிக்கிட்டிருந்த ஒற்றைக்காதன், அவன் உயிரோட ஏணி பிடிக்கிறதைக் கண்டுபிடிக்கிறான். அதான் அடுத்த வாரம். ஏணிக்காரனை நீ வரை. பத்து வருஷம் கூடின முகமா இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த ஆறு பக்கத்துல ஒற்றைக்காதன் முகமும் நீதான்."

குமிழியின் கையிலிருந்த பேனா நழுவியது. எமன் காதில் விழுந்ததை நம்பவில்லை.

"உங்க முகத்துல நான் கை வைக்கிறதா?"

"தப்பு செஞ்சவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு இன்னைக்கு என்னைவிட உனக்கு நல்லாத் தெரியும். போ. வேகமா முடி."

மறுநாள் காலை பதினோரு மணிக்குத் தம்பியின் சலூனுக்குப் போனான். பத்து வருடம் கூடின முகத்தைப் பார்க்காமல் எப்படி வரைவது? வேலைக்காகத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். கடையில் மூன்று நாற்காலி, மூன்று முடிதிருத்துகிறவர்கள். இரண்டு நாற்காலி காலியாக இருந்தன. பெஞ்சில் ஐந்து பேர் தம்பிக்காகக் காத்திருந்தார்கள். தம்பி என்னவோ சொல்ல, ஐந்து பேரும் சிரித்தார்கள். எமனுக்கு வயிறு லேசாக எரிந்தது. பழக்க தோஷம்.

"அண்ணே! உக்காரு, இவரை முடிச்சுடுறேன்" என்றான் தம்பி, நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தவன்போல. பெஞ்சில் இருந்தவர்களிடம், "எங்க அண்ணன். கோச்சுக்காதீங்க, அடுத்தது இவருக்குத்தான்" என்றான். அவர்களும் கோபித்துக்கொள்ளவில்லை.

எமன் நாற்காலியில் சாய்ந்தான். கழுத்தைச் சுற்றித் துணி ஏறியது. முகத்தில் நுரை ஏறியது. கண்ணாடியில் இரண்டு முகம் தெரிந்தது. தம்பியின் இமை இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. பிளந்த புருவத்தில் நரை விழுந்திருந்தது. மேலே இருந்த முகத்தைவிடக் கீழே இருந்த தன் முகத்தைப் பார்ப்பதுதான் சிரமமாக இருந்தது.

"ஏணி புடிக்கிறவன் நான்தானே?" என்றான் தம்பி, கத்தியைத் தீட்டிக்கொண்டே.

"பாத்தியா?"

"ஒரு வாரம் விட்டதில்ல. அந்த மூலையில அடுக்கி வெச்சிருக்கேன் பாரு. முப்பத்தேழுல செத்ததும் நான்தான்னு அன்னைக்கே தெரியும். நம்ம புருவம் நமக்குத் தெரியாதா?"

"கோவம் வரலையா?"

"வராம? மூணு நாள் கத்தியைக் கையில எடுக்கலையே. கடைக்கு வர்றவன் எல்லாம் என் பொணத்தைக் காட்டிச் சிரிக்கிறான்." தம்பி அவன் தாடையைப் பிடித்து மெல்ல உயர்த்தினான். "அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். அம்மாவுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் நீ ஒருத்தனே செஞ்சே. தண்ணி கொடுக்கப் போனாக்கூட, 'நீ தள்ளு, உனக்குத் தெரியாது'ன்னு பிடுங்கிக்கிட்டே. முடி வெட்டுறதைத் தவிர எனக்கு நீ ஒண்ணுமே மிச்சம் வைக்கல. உன்னைப் பாத்து அப்படி எரிஞ்சேன். எனக்கு வரையத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நீயும் அன்னைக்கே செத்திருப்பே."

எமனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வேறு என்னவோ ஒன்றும் சேர்ந்து வந்து, கண்ணை மறைத்தது. நுரைக்குள் ஒரு கோடு ஈரமாக இறங்கியது. கண்ணாடியில் இரண்டு முகமும் கலங்கித் தெரிந்தன.

"ஆடாதண்ணே" என்றான் தம்பி. "கழுத்துல கத்தி இருக்கு."

எமன் ஆடவில்லை. கத்தி காதுக்குக் கீழே ஆரம்பித்து, தொண்டைக் குழியைச் சுற்றி, மறுபக்கம் போய் முடிந்தது. தம்பி துணியை உதறினான். எமன் கையை உயர்த்திக் கழுத்தை ஒரு முறை தடவிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.